யாழ்ப்பாணக் களப்பின் நிறங்களைப் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

ஃபோல்ட்ஸ்கோப் என்ற மடிப்புக் காகித நுணுக்குக்காட்டியை வாங்கினால் களப்பில் ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணுயிர்களைப் பார்க்க முடியுமா என்று அறிவியல் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கேட்பதுண்டு. அரியாலை, நாவற்குழி, தொண்டைமானாறு போன்ற களப்போரங்களில் சேற்றின்மேல் படரும் பாசிப் படலத்தைப் பார்க்கவென்றால் தயங்காமல் வாங்குங்கள். கண்ணாடிபோல் தெளிந்த திறந்த கடல்நீரிலும் பவளப்பாறைத் தண்ணீரிலும் உள்ளவற்றைப் பார்க்கவென்றால் இது பயன்படாது. 2 மைக்ரோமீற்றருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை இந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாது. களப்பில் எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிப்பது இந்த எல்லைதான்.

ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு உருவாக்கிய கருவி இது. வடிவமைப்பு 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உதிரிப்பாகச் செலவு 1 டொலருக்குள் அடங்கவேண்டும் என்பது அன்றைய குறிக்கோள். தாளை மடித்துக் கோத்ததும் நடுவில் வில்லை, அதன் பின்னால் வழுக்கி நுழையும் இடம், இரு பெருவிரல்களாலும் தள்ளிக் குவியப்படுத்தும் அமைப்பு எல்லாம் வந்துவிடும். உருப்பெருக்கம் 140 மடங்கு.

அந்த வில்லை ஏறத்தாழ 2.4 மி.மீ. விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குண்டு. இந்த அளவுக் குண்டின் குவியத்தூரம் 1.8 மி.மீ. அளவில் வரும். ஆனால் அது குண்டின் மையத்திலிருந்து அளக்கும் தூரம். குண்டின் மேற்பரப்பிலிருந்து பார்த்தால் மாதிரி நிற்கவேண்டிய இடம் 0.56 மி.மீ. மட்டுமே தள்ளியிருக்கும். “ஒன்றும் தெரியவில்லை” என்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த அரை மில்லிமீற்றரில்தான் பிறக்கின்றன. வழுக்கியைத் தலைகீழாக நுழைத்தால் 1 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி குறுக்கே வந்துவிடும். அதற்கப்பால் உள்ள மாதிரி குவியத்துக்கு வரவே வராது. ஆகவே மூடிக் கண்ணாடி இருக்கும் பக்கம் எப்போதும் வில்லையை, அதாவது உங்கள் கண்ணை, நோக்கியிருக்கவேண்டும். மூடிக் கண்ணாடி 1ஆம் இலக்கமோ (0.13–0.16 மி.மீ.) 1½ ஆம் இலக்கமோ (0.16–0.19 மி.மீ.) ஆக இருக்கட்டும். பிளாஸ்ரிக் தாளை வெட்டி மூடியாகப் பயன்படுத்துவதானால் மெல்லியதாகப் பார்த்து வெட்டுங்கள்.

களப்புச் சேற்றில் இதைவிடப் பெரிய தொல்லை மணல். சிப்பித் துணுக்கும் சுண்ணாம்பு மணலும் ஒரு மணி அகப்பட்டாலே போதும், மூடிக் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பார்வைப் புலத்தின் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி புகையாகவும் தெரியும். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பாசிப் படலத்தை ஒரு தட்டில் பரப்பி, மேலே களப்பு நீரைத் தெளித்து ஈரமாக வையுங்கள். அதன்மேல் மெல்லிய திசுத்தாளின் ஒற்றைப் படையைக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டவிட்டு, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் காலையில் வைத்துவிடுங்கள். நகரும் ஆற்றலுள்ள டயற்றங்களும் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைக்கல அல்காக்கள்) சயனோபற்றீரியா (நீலப்பச்சைப் பற்றீரியா) இழைகளும் ஒளியை நாடித் தாளுக்குள் ஊர்ந்து ஏறும். மணலுக்கு அந்த ஆற்றல் இல்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தாளை எடுத்து, ஒரு சிறு துண்டைக் கிழித்து ஒரு துளி நீரில் அலசினால் சுத்தமான மாதிரி கிடைக்கும். இந்த ஒரு படியைச் செய்தால் கருவியைப் பற்றிய அரைவாசி முறைப்பாடுகள் மறைந்துபோகும்.

அலசும் துளி களப்பின் நீராகவே இருக்கவேண்டும். கிணற்று நீரையோ போத்தல் நீரையோ ஊற்றினால் உப்புச் செறிவு திடீரென்று குறைந்து கலங்கள் வீங்கி உடையும். பார்ப்பது பிணங்களாகவே இருக்கும். மாதிரி கடுகளவு போதும். கூடினால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து ஒளியை மறைக்கும்.

மாதிரியை எங்கே எடுப்பது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். மாரி மழை வெள்ளம் வடிந்து களப்பு வற்றத் தொடங்கும் மாதங்களில், ஓரங்களில் தோல்போல் உரிந்து வரும் படலம் உண்டாகும். அதை மழுங்கிய கத்தியால் 2–3 செ.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டி, பக்கவாட்டில் பாருங்கள். நன்றாக வளர்ந்த படலமாக இருந்தால் கருவி இல்லாமலே அடுக்குகள் தெரியும். மேலே மஞ்சட்கபிலம், அதன்கீழ் நீலப்பச்சை, அதற்கும் கீழ் இளஞ்சிவப்பு அல்லது ஊதா, அடியில் கறுப்பு. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, தனித்தனி வழுக்கிகளில் வையுங்கள். கலந்துவிட்டால் எந்த நிறம் எவருடையது என்று பிறகு சொல்ல முடியாது.

நீலப்பச்சை அடுக்குத்தான் ஃபோல்ட்ஸ்கோப்புக்கு மிகப் பொருத்தமானது. ஒசிலற்றோரியா, லிங்பியா வகைச் சயனோபற்றீரியா இழைகள் பல மைக்ரோமீற்றர் தடிப்பானவை. குளோரபில் a சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சும். பைக்கோசயனின் என்ற நீல நிறப்பொருள் 620 நனோமீற்றரை ஒட்டிய செம்மஞ்சள் ஒளியை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தே அந்த நீலங்கலந்த பச்சையைத் தருகின்றன. இந்த இழைகளை அடையாளங்காண நிறத்தைவிட நிறம் பரந்திருக்கும் விதமே நம்பத்தக்க சான்று. சயனோபற்றீரியாவுக்குப் பச்சையவுருமணி கிடையாது. எனவே கலம் முழுவதும் ஒரே சீராக நிறம் பரவியிருக்கும். டயற்றத்திலும் பச்சை அல்காவிலும் நிறம் துண்டு துண்டாக ஒதுங்கி நிற்கும், இடையே வெளிறிய இடம் தெரியும். 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட கலங்களில் இந்த வேறுபாட்டை 140 மடங்கு உருப்பெருக்கம் தெளிவாகவே காட்டுகிறது. இரண்டு மூன்று நிமிடம் கையை அசைக்காமல் பாருங்கள். இழை மெல்ல வழுக்கி நகர்வது தெரிந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மேலடுக்கின் கபில நிறத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று டயற்றங்களின் ஃபியூக்கோசாந்தின் என்ற கபில நிறப்பொருள். மற்றது வெயிலில் கிடக்கும் சயனோபற்றீரியா தன் உறையில் சேர்க்கும் சைற்றோநெமின் என்ற புறஊதா தடுக்கும் நிறப்பொருள். படகு வடிவக் கலத்துக்குள் பொன்கபிலத் துண்டுகள் இருந்தால் டயற்றம். வெளி உறை மஞ்சட்கபிலமாகவும் உள்ளே இழை நீலப்பச்சையாகவும் தெரிந்தால் சைற்றோநெமின். இந்தப் பிரிப்பை இவ்வளவு எளிய கருவியில் செய்ய முடிவது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விடயம்.

இளஞ்சிவப்பு அடுக்கில் ஏமாற்றம் காத்திருக்கிறது. அது ஊதாக் கந்தகப் பற்றீரியாவின் இடம். கறுப்புச் சேற்றிலிருந்து எழும் கூழ்முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டைப் பயன்படுத்தி, ஒட்சிசனை வெளியிடாமல் ஒளித்தொகுப்புச் செய்பவை அவை. அவற்றின் பற்றீரியோகுளோரபில் 800–900 நனோமீற்றர் அளவில், மேலே இருக்கும் நீலப்பச்சைப் படை பயன்படுத்தாமல் கீழே விடும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. மேல்வீட்டார் வேண்டாத ஒளியில் கீழ்வீட்டார் வாழ்கிறார்கள். ஆனால் கலங்கள் சில மைக்ரோமீற்றர் அளவானவை. பெரியவை நகரும் புள்ளிகளாகத் தெரியலாம், அவ்வளவுதான். அவற்றினுள்ளே இருக்கும் கந்தகத் துணுக்குகளை இதில் தேடி நேரத்தைக் கழிக்கவேண்டாம்.

நிறத்தைப் படமெடுப்பதில் கைத்தொலைபேசியே எதிரி. தானியங்கி வெண்சமநிலை, பார்வைப் புலம் முழுதும் பச்சையாக இருப்பதைக் கண்டதும் அதைச் “சரிசெய்ய” முயன்று ஊதாவைக் கூட்டும். ப்ரோ முறையில் வெண்சமநிலையை 5000–5500 கெல்வினில் பூட்டுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் முதலில் வெறும் வழுக்கியை அதே ஒளியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். அது வெள்ளையாக வராவிட்டால் மற்றப் படங்களின் நிறத்தை நம்பவேண்டாம். ஒளிக்கு வெண்முகிலோ பின்னால் வெள்ளைத் தாளோ போதும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்காதீர்கள். குண்டு வில்லை கண்ணை ஒட்டியிருக்கிறது. வினாடியில் விழித்திரை கருகும். மாணவர் கையில் கொடுக்குமுன் இதை இரண்டு தடவை சொல்லவேண்டும்.

இன்னொன்று: குண்டு வில்லையின் ஓரங்களில் உருவம் மங்குவதோடு நீலமும் மஞ்சளுமாக நிற விளிம்புகள் விழும். அது நிறப்பொருள் அன்று, வில்லையின் குறை. நிறத்தை எப்போதும் நடுவில் வைத்தே தீர்மானியுங்கள்.

அளவு எடுக்க அளவுகோல் வழுக்கி தேவையில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் விட்டம் அச்சிட்ட தங்கூசி நூல் கிடைக்கும். 0.2 மி.மீ. என்று குறித்த நூலில் ஒரு சிறு துண்டை மூடிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் படமெடுங்கள். அதே தொலைபேசி, அதே உருப்பெருக்கத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கு அந்த நூலின் அகலம் 200 மைக்ரோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 5 மைக்ரோமீற்றர் இழைக்கும் 15 மைக்ரோமீற்றர் இழைக்கும் வேறுபாடு காண இந்தத் துல்லியம் தாராளம்.

அயடீன் கலந்த லுகோல் கரைசலில் மாதிரியைப் பாதுகாக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எண்ணிக்கைக்கு அது சரி. நிறம் பார்க்கவென்றால் கூடாது; எல்லாமே கபிலமாகிவிடும். உயிருடன், நிழலில், மூடி இறுக்காத போத்தலில் கொண்டுவந்து அன்றே பாருங்கள்.

கண்ணால் கண்டதை உறுதிசெய்ய, கருவியோடு கட்டாயம் சேர்க்கவேண்டிய ஒரு வேலை நிறப்பொருளைப் பிரித்தெடுப்பது. செலவு மிகக் குறைவு. நீலப்பச்சை அடுக்கில் ஒரு தேக்கரண்டி எடுத்து, களப்பு நீரில் அலசி மணலைப் போக்கி, துணியில் பிழியுங்கள். 20 மில்லிலீற்றர் போத்தல் குடிநீரில் கரைத்து இரவு முழுதும் பிறிஜ்ஜின் உறைபகுதியில் வைத்து, மறுநாள் நிழலில் உருகவிடுங்கள். இங்கே கலங்கள் உடையவேண்டும் என்பதே நோக்கம், ஆகவே நன்னீர். இதை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்து வடிகட்டினால் நீல நீர் இறங்கும். அது பைக்கோசயனின். ரோச் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து பாய்ச்சினால் சிவப்பாக ஒளிர்வதைக் காணலாம். வெயிலிலோ சூட்டிலோ வைத்தால் நிறம் போய்விடும். 50 பாகை செல்சியஸைத் தாண்டவே விடக்கூடாது. நீலத்துக்குப் பதில் இளஞ்சிவப்பு வந்தால் பைக்கோஎரித்திரின் என்ற சிவப்பு நிறப்பொருள் கூடிய இனம். வெறும் தேயிலைச் சாய நிறம் வந்தால் எடுத்தது பெரும்பாலும் சேறும் டயற்றமும்.

வடிகட்டியில் எஞ்சிய சக்கையைப் பிழிந்து, ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவி, 10 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் இருட்டில் இரண்டு மணித்தியாலம் ஊறவிடுங்கள். இப்போது பச்சை இறங்கும். அப்பச்சோடா எதற்கென்றால், அமிலம் பட்டால் குளோரபில் தன் மக்னீசியத்தை இழந்து ஃபியோபைற்றினாக மாறும், பச்சை மங்கி ஒலிவ் நிறமாகும். பைக்கோசயனின் நீரில் மட்டும் கரைவதாலும் குளோரபில் மதுசாரத்தில் கரைவதாலும் ஒரே பாசி முதலில் நீலத்தையும் பிறகு பச்சையையும் தருகிறது. இந்தக் களப்பில் சயனோபற்றீரியாவை வீட்டில் வைத்தே உறுதிசெய்ய இதைவிட நல்ல சோதனை இல்லை. பாடசாலை ஆய்வுகூடமாக இருந்தால், பச்சைக் கரைசலை வடிதாளில் புள்ளியாக வைத்து, பெற்றோலியம் ஈதரும் அசற்றோனும் 9:1 கலந்த திரவத்தில் ஏறவிடலாம். இரண்டும் சட்டென்று தீப்பற்றும். ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும். உச்சியில் கரோற்றீன், கீழே மஞ்சள் சாந்தோபில், அதற்குக் கீழே நீலப்பச்சைக் குளோரபில் a. அதற்கும் கீழே மஞ்சட்பச்சைப் பட்டை ஒன்று தெரிந்தால் அது குளோரபில் b. களப்புப் படலத்தின் சயனோபற்றீரியாவில் அது இருக்காது, ஆகவே பச்சை அல்காவோ கடற்புல் துண்டோ மாதிரியில் கலந்திருக்கிறது.

இனிக் கடற்பக்கம். காற்று ஓய்ந்த நாட்களில் பாக்குநீரிணையில் மரத்தூள் தூவியதுபோல் மிதக்கும் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற சயனோபற்றீரியாவுக்கு இந்தக் கருவி போதும். கட்டுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். இழைகள் 5–20 மைக்ரோமீற்றர். வாயுக் குமிழ்கள் உள்ளதால் போத்தலின் மேற்பரப்புக்கு ஏறி நிற்கும். அங்கிருந்து துளிசொட்டியால் எடுங்கள், குலுக்காதீர்கள். தாமதித்தால் கலங்கள் உடைந்து பைக்கோஎரித்திரின் கசிந்து போத்தல் நீரே இளஞ்சிவப்பாகும்.

உப்பளங்களின் கடைசிப் பாத்திகளில் சிவக்கும் நீர் எங்கு கிடைத்தாலும் பார்த்துவிடுங்கள். அங்கே வாழும் டுனாலியெல்லா சலினா என்ற ஒற்றைக்கல அல்கா 10 மைக்ரோமீற்றர் அளவு, இரு கசையிழை, பீற்றா கரோற்றீன் நிறைந்து செம்மஞ்சளாக நீந்தும். அதற்கு உறுதியான கலச்சுவர் இல்லை. அதே உப்பு நீரைத் தவிர வேறெதைக் கலந்தாலும் வெடிக்கும். வழுக்கியின் ஓரத்தில் சில நிமிடத்திலேயே உப்புப் பளிங்கு வளரத் தொடங்கும் என்பதால் மூடிக் கண்ணாடியின் நான்கு ஓரத்திலும் வஸ்லின் பூசவேண்டும். அந்தச் சிவப்பில் பங்குள்ள உப்புவிரும்பி ஆர்க்கியாக்கள் (பற்றீரியா போன்ற வேறொரு நுண்ணுயிர்க் குழு) இதில் தெரியா.

பவளத்தில் ஒன்றித்து வாழும் ஒளித்தொகுப்பு நுண்ணுயிர்கள் 10 மைக்ரோமீற்றர் அளவானவை, பெரிடினின் என்ற நிறப்பொருளால் பொன்கபில நிறம் பெற்றவை. கருவியின் எல்லைக்குள் அடங்கும் அளவுதான். என்றாலும் அதற்காகப் பவளத்தில் கை வைக்காதீர்கள். உயிர்ப் பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கைப் பவளங்கள் இந்தத் துணையுயிர்களை இழந்து வெளிறின. மிச்சமிருப்பவற்றிலிருந்து ஒரு துண்டுகூட வகுப்பறைக்கு வரவேண்டியதில்லை.

பாறைமேலுள்ள தெளிந்த நீர்தான் இந்தக் கருவிக்கு முழுத் தோல்வி. அங்கே ஒளித்தொகுப்பில் பெரும்பங்கு செய்பவை சினெக்கோகோக்கஸும், ஆழ்கடற் பக்கமாகப் புரோகுளோரோகோக்கஸும் என்ற மிகச் சிறிய சயனோபற்றீரியாக்கள். முன்னது 1 மைக்ரோமீற்றர் அளவு, பின்னது அதைவிடவும் சிறியது. புரோகுளோரோகோக்கஸ் இருப்பதே 1988இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் கலங்களின் ஒளிர்வை அளக்கும் பாய்வுக் கருவி கப்பலில் ஏறிய பிறகு. பாடசாலைக் கூட்டு நுணுக்குக்காட்டியில் 40 மடங்குப் பொருள்வில்லை போட்டாலும் சினெக்கோகோக்கஸ் ஒரு புள்ளியே. இந்த நீரை ஆராய விரும்புவோர் 0.7 மைக்ரோமீற்றர் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 90% அசற்றோனில் குளோரபில் எடுத்து நிறமானியில் அளக்கவேண்டும். பைக்கோசயனின், பைக்கோஎரித்திரின் போன்றவை (பைக்கோபிலின்கள்) அசற்றோனில் வராதென்பதையும் நினைவில் வைத்திருங்கள். குளோரபில் கணக்கு எவ்வளவு என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை. கண்ணாடி வழுக்கிகளும் சிறு விளக்கும் அடங்கிய பெட்டி ஒன்று வகுப்புக்கு; மற்ற மாணவர்களுக்குக் கருவி மட்டும் வரும் மொத்தப் பொதி. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தபால் கட்டணத்தையும் சுங்கத்தையும் முன்பே விசாரியுங்கள். கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் காந்தவளையம் பொதியில் உண்டா என்று பாருங்கள். அது இல்லாமல் படமெடுப்பது மிகவும் சிரமம்.

பராமரிப்பு: தாள் நீரைத் தாங்கும், உப்பைத் தாங்காது. களப்பிலிருந்து வந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். உப்பு காய்ந்த தாள் மடிப்புகளில் உராய்ந்து குவியத் தள்ளல் இறுகிப்போகும். வில்லையைச் சட்டைத் துணியால் தேய்க்காமல், பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு ஒற்றியெடுங்கள். லிங்பியா வகைகள் சிலவற்றின் நஞ்சு தோலில் எரிவும் கொப்புளமும் உண்டாக்கும். பாசி அள்ளும்போது இறப்பர்க் கையுறை போட்டு, பிறகு சவர்க்காரத்தில் கை கழுவுங்கள். மூடிக் கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருக்கும், ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள்.